ஆறு கண்ணி

— குதிரையை அப்புறம் கட்டிக்கலாமுங்க. மொதல்ல சொல்லுங்க. பரீட்சையை முழுசா எழுதினீங்களா, இல்ல போன தடவையாட்ட பாதியில எந்திரிச்சு வந்துட்டீங்களா?

— உள்ள விடு நிச்சுஹெ! ஒரு பகலும் ஒரு ராத்திரியும் கோழிக்கூண்டு மாதிரி அறையில குந்தி எழுதிட்டு வர்றேன். காலு ரெண்டும் மரத்துப் போச்சு. ஒரு வாய் டீ குடுத்துட்டுக் கேளேன்.

— டீ இருக்குது, தினை போபோப் பலகாரம் இருக்குது, அடுப்புல பன்னிக்கறி வெந்துட்டு இருக்குது. சொன்னாத்தான் எல்லாம்.

— எழுதிட்டேன்! கேளு, கேளு. முதல் எழுத்துலேர்ந்து கடைசிப் புள்ளி வரைக்கும். ஒரு வரி விடல. இந்தா, கையைப் பாரு. மை இன்னும் போகல.

— வானமே! நெசமாவா?

— நான் சும்மா சொல்லல. பக்கத்து அறையில ஒருத்தன் தேம்பித் தேம்பி அழுதான். நான் நிமிர்ந்து கூடப் பார்க்கலியே!

— அய்யோ பாவம். செரி, அவனை விடுங்க. ஏனுங்க இத்தனை நேரம்? உங்களோட எழுதின எதுத்த வீட்டுக்காரரு மத்தியானமே வந்து, தின்னு, தூங்கி எந்திரிச்சும் ஆச்சு. நான் வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்து நடந்து செருப்புத் தேஞ்சதுதான் மிச்சம்.

— எல்லாம் உன் செவலையாலதான். சந்து முனையில ஒரு மங்கோலியன் வந்து கடிவாளத்தைப் பிடிச்சுக்கிட்டான். பஞ்சைப் பராரி. இது என்னடான்னா ஒரு அடி நகர மாட்டேன்னுடுச்சு. இறங்கி இழுத்துட்டு வர வேண்டியதாப் போச்சு. தெருவே நின்னு சிரிக்குது.

— என்ற குதிரையைக் கொறை சொல்லாதீங்க. முந்தாநாளு, எழுத விடறதுக்கு முந்தி வச்ச வில்லுப் பரீட்சையில உங்களைத் தூக்கி நிறுத்தினது ஆரு?

— என் கை! அஞ்சு அம்புல நாலு பட்டுச்சு.

— வில்லைத் தூக்கினதும் தண்ணியில போற படகாட்ட ஆடாம ஓடுச்சே, அது உங்க கையா? என்ற அண்ணன் குட்டியிலிருந்து பழக்கின பழக்கமுங்க அது.

— சரி, பாதி உன் அண்ணன்னு வச்சுக்கோ. ஆனா அந்த அண்ணன் என்னைக் கடிக்கக் கூடாதுன்னும் சொல்லிக் குடுத்திருக்கலாம்.

— அதுக்குத்தான் நேரமில்லாமப் போச்சே. என்னையும் குதிரையையும் சித்தப்பனோட இந்தப் பட்டணத்துக்கு அனுப்பி வச்சான். அந்த மாசமே அவனை மேக்கால சண்டைக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. மாப்பிள்ளை மூஞ்சியக் கூட அவன் பாக்கலீங்க. ஆறு வருசம்.

— தெரியும் புள்ள. அதுக்குத்தானே இவ்வளவும். எழுத்தர் வேலை கையில வரட்டும். மறுநாளே படைத்துறை ஏட்டறைக்குள்ள போயிடறேன். சோக்தோங்கிற பேரு செத்தவங்க ஏட்டுல இருக்கா, பிடிபட்டவங்க ஏட்டுல இருக்கான்னு பார்த்துச் சொல்லிடறேன். வாக்குக் குடுத்திருக்கேன்ல?

— ரெண்டுலயும் இல்லாட்டி?

— இருக்கும். ஏதோ ஒண்ணுல இருக்கும்.

— ஊருல காரியம் பண்ணிப் போடலாமான்னு சித்தப்பன் ரெண்டு தடவை கேட்டனுப்பிட்டாரு. ஏட்டைப் பாக்காம ஆரும் எதுவும் பண்ணக் கூடாதுன்னு சொல்லிப் போட்டேன். அதனாலதான் கேக்கறேன், நல்லா எழுதினீங்களா? இது மூணாவது தடவை. இதையும் விட்டா உங்க பேரை மறுக்கா அனுப்ப மாட்டாங்க. கோட்டைக் கதவுக்குக் காவல் நின்னே நரைச்சுப் போவீங்க.

— அதான் சொல்றேனே, பிரமாதமா எழுதினேன்! ஆனா ஆரம்பமே வேடிக்கை. வாசல்ல ஒருத்தன் உட்கார்ந்து பேரு எழுதறான். பேரு என்னங்கிறான். எழுபதுங்கிறேன். வயசைக் கேக்கலடா, பேரைக் கேட்டேங்கிறான். பேரே நதாஞ்சுதான்யா, எழுபதேதான், நான் பொறந்தப்ப எங்க தாத்தாவுக்கு எழுபது வயசுன்னேன். அவன் நிமிர்ந்து பார்த்துட்டு, என் பேரு அறுபத்தி மூணுன்னான்!

— உங்க கொடிப்படையில பாதிப் பேரு சந்தைக் கணக்காட்டத்தான் இருக்கறீங்க. செரி, பரீட்சையில என்ன போட்டாங்க? பழைய ஏடுதானே? நீங்க மனப்பாடம் பண்ணினது வந்துச்சா?

— அதுதான் இல்ல! எல்லாரும் பழசையே மனப்பாடம் பண்ணிட்டு வந்து கக்குறாங்கன்னு இந்தத் தடவை தந்திரம் பண்ணிட்டாங்க. போன வாரம் எல்லைக் காவல்லேர்ந்து படைத்துறைக்கு வந்த கடிதம் ஒண்ணை எடுத்து, ஆளுங்க பேரை மட்டும் நீக்கிட்டு, சீனத்துல எழுதித் தொங்க விட்டுட்டாங்க. இதை நம்ம மஞ்சு பாஷையில எழுதுடாங்கிறாங்க. அதைப் பார்த்ததும்தான் பக்கத்து அறைக்காரன் அழ ஆரம்பிச்சான்.

— நீங்க?

— நானும் அழலாம்னுதான் பார்த்தேன். அப்புறம் உன் குரல் காதுல கேட்டுச்சு. 'நல்ல குதிரைன்னா, குதிரை நல்லதுக்குச் சொந்தமாங்க?'ன்னு கேட்டுச்சு.

— ஹா! அதைச் சொல்லுங்க. போட்டீங்களா, போடலியா? சொந்தம் சொல்ற அந்த 'இ'யை?

— போடல!

— ஒரு எடத்துல கூடவா?

— ஒரு இடத்துல கூட. 'களைத்த குதிரை.' நடுவுல ஒண்ணும் கிடையாது, மொட்டையா நிக்குது. 'நீண்ட பாலைவனம்.' மொட்டை. 'கிழிந்த மேலாடை.' மொட்டை. சீனத்துல எல்லாத்துக்கும் பின்னால ஒரே வாலு தொங்குது. நல்லதுக்கும் அதே வாலு, அப்பனுக்கும் அதே வாலு. நம்ம பாஷையில அப்பனுக்கு மட்டும்தான் 'இ', நல்லதுக்குக் கிடையாதுன்னு இந்தப் பட்டணத்துல எவனுக்குத் தெரியுது? வெளியில வந்ததும் நாலு பேரைக் கேட்டேன். நாலு பேரும் எல்லாத்துலயும் 'இ' போட்டு வச்சிருக்கானுங்க!

— 'சாயின் இ மோரின்'னு எழுதிப் போட்டாங்களா? அய்யோ, என்ற வயிறு வலிக்குது. ரெண்டு வருசத்துக்கு முந்தி நீங்க இதே வாசல்ல நின்னு அப்படித்தானே சொன்னீங்க. செவலை கூடத் திரும்பிப் பாத்துச்சு.

— அது அன்னிக்கு. இன்னிக்குச் சுத்தமா 'சாயின் மோரின்'. நல்ல குதிரை. போதுமா?

— இளவரசன் 'வாங்'குக்கு?

— 'நி'! ங்-ல முடிஞ்சா 'நி'. எழுத்துல பார்த்தா எனக்கு வித்தியாசமே தெரியல. ஆனா வாய்க்குள்ள சொல்லிப் பார்த்தேன், உன்னை மாதிரியே மூக்கால. காவல்காரன் வந்து யாருடா முனகுறதுன்னு எட்டிப் பார்த்துட்டுப் போனான்.

— பாத்தீங்களா! எனக்கு எழுத்துத் தெரியாது, ஆனா காது தெரியும்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்.

— எனக்கு எழுத்துத் தெரியும், காதுதான் செவிடு. ரெண்டு பேரையும் சேர்த்துத் தச்சா அரசாங்கத்துக்கு ஒரு நல்ல எழுத்தர் கிடைப்பான்.

— செவிடேதான். ஊருல பேசற வெசையில நான் ஒரு வார்த்தை சொன்னா, நீங்க மழையில நனைஞ்ச கோழியாட்ட முழிப்பீங்க. பிட்டுப் பிட்டு வாயில வச்சாத்தான் முழுங்குவீங்க.

— நான் பொறந்தது இங்க, வளர்ந்தது இங்க. எங்க அப்பாவே வீட்டுல சீனந்தான் பேசினாரு. உங்க ஊரு நிங்குதாவுல பேசற மாதிரி என்கிட்ட வேகமா யாராவது பேசினா, எனக்கு ஆத்துத் தண்ணி சத்தம் மாதிரிதான் கேக்கும். அதுக்கென்ன? பரீட்சை எழுத்துலதானே.

— செரி செரி. எண்ணிக்கை வந்த எடத்துல எப்படிப் போட்டீங்க?

— மூணு ஆளுன்னுதான். எண்ணிச் சொல்லிட்ட அப்புறம் 'ஆட்கள்'னு வேற எதுக்கு இழுக்கணும்? நீதானே சொன்னே.

— வானமே, வானமே! இந்தாங்க போபோ. ரெண்டா எடுத்துக்கங்க. அட, அதென்னுங்க அந்தக் குதிரை வாசலையே பாத்துக் கத்துது? சித்தெ தட்டிக் குடுங்க.

— வந்ததிலேர்ந்து அப்படித்தான். காலை உதைக்குது. பசியா இருக்கும். நீ இதைக் கேளு, இனிமேதான் முக்கியமானது. சங்கிலி வந்துச்சு!

— வந்துச்சா? எத்தனை?

— ஆறு!

— ஆறு கண்ணியா! ஒரே வரியிலயா?

— ஒரே மூச்சுல ஆறு. சீனத்துல கடைசியில ஒரே ஒரு வாலு, மத்ததெல்லாம் நீயே புரிஞ்சுக்கோன்னு விட்டுட்டான். நம்ம பாஷையில கண்ணிக்குக் கண்ணி போடணும். ஒண்ணு விட்டாலும் மொத்தமும் கழண்டு போயிடும். நெத்தியில வேர்த்துடுச்சு. அப்புறம் கண்ணை மூடிட்டு நீ சொல்லிக் குடுத்ததைச் சொன்னேன்.

— எதை? குதிரை வாலையா?

— ஆமா. 'பட்டணத்தின் சந்தின் வீட்டின் லாயத்தின் குதிரையின் வாலின் முடி.' பெருசிலேர்ந்து சின்னதுக்கு வரணும், கடைசியில கையில எது மிஞ்சுதோ அதுதான் பேச்சு, மத்தது எல்லாம் வழின்னு சொன்னியே. அதே மாதிரி வழியைப் பிடிச்சுக்கிட்டே போனேன். எல்லாம் மணியா வந்து விழுந்துச்சு, நிச்சுஹெ! எழுதி முடிச்சதும் விரல் விட்டு எண்ணினேன். ஆறு 'இ'. மறுபடி எண்ணினேன். ஆறு.

— சொல்லுங்க, சொல்லுங்க. காதுல கேட்டாத்தான் எனக்குச் செரியா தப்பான்னு தெரியும். மொள்ளச் சொல்லுங்க.

— இரு, வாய்ல போபோ. ம்ம். கேளு. 'நிங்குதாவின் காவற்படையின்...'

— எங்க ஊரு!

— உங்க ஊருதான். வரியைக் கேளு, குறுக்க பேசாதே, எண்ணிக்கை தப்பிடும். 'நிங்குதாவின், காவற்படையின், மஞ்சள் கொடியின், மூன்றாம் குழுவின், தலைவனின், மறைந்த அண்ணனின் ஒரே மகன்.' எப்படி? விரலைப் பாரு. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு! 'மறைந்த'வுக்குப் பின்னால மொட்டை, 'மூன்றாம்'முக்குப் பின்னால மொட்டை. தேர்வு பார்க்கிறவன் எழுந்து நின்னு கும்பிடணும். ஏன், தப்பா?

— கடைசியில என்ன சொன்னீங்க?

— 'ஒரே மகன்.' ஏன் புள்ள? எங்கயாவது ஒண்ணை விட்டுட்டேனா?

— மறுக்கா சொல்லுங்க.

— 'நிங்குதாவின் காவற்படையின் மஞ்சள் கொடியின் மூன்றாம் குழுவின் தலைவனின் மறைந்த அண்ணனின் ஒரே மகன்.' இதுல என்ன தப்பு? சொல்லித் தொலையேன்.

— தப்பு இல்லீங்க. ஒரு கண்ணியும் தப்பு இல்ல. மூணாம் குழுவுக்குத் தலைவன் ஆருங்க?

— அதான் பேரெல்லாம் நீக்கிட்டாங்கன்னு சொன்னேனே.

— காயிதத்துல இல்லீங்க. ஊருல. எங்க ஊருல, மஞ்சக் கொடியில, மூணாம் குழுவுக்கு ஆரு தலைவன்? நம்ம கல்யாணத்துல உங்களைக் குடிக்க வச்சுப் பாயில உருட்டி விட்டாரே.

— உங்க சித்தப்பா.

— அவருக்கு எத்தனை அண்ணன்?

— ஒருத்தர். உங்க அப்பா. ஆத்துப் பனிக்கட்டி ஒடைஞ்சு முழுகிப் போய்ச் சேர்ந்தவரு.

— எங்கப்பனுக்கு எத்தனை பையன்?

— ஒரே... நிச்சுஹெ.

— சொல்லுங்க.

— நிச்சுஹெ! ஐயோ! நான்... நான் 'இ'யை எண்ணிட்டிருந்தேன்! சத்தியமா நான் 'இ'யைத்தான் எண்ணிட்டிருந்தேன்!

— அவனுக்கு என்னங்க? அந்த ஒரே மகனுக்கு என்ன? மீதி வரி என்ன? செத்தானா? சொல்லிப் போடுங்க, நான் தாங்கிக்குவேன்.

— இல்ல இல்ல இல்ல! உயிரோட இருக்கான்! கேளு, கேளு, முதல்லேர்ந்து சொல்றேன். 'ஆறு ஆண்டு எதிரியின் ஆட்டுக்கிடையின் அடிமையாக இருந்த மூணு ஆளு தப்பி...' அதுல ரெண்டு கண்ணி... ஐயோ கண்ணியை விடு! 'நீண்ட பாலைவனத்தைக் கால்நடையாகக் கடந்து எல்லைக் காவலை அடைந்தனர். களைத்த குதிரை ஒன்றும் கிழிந்த மேலாடையுமே அவர்களிடம் இருந்தன.' அதுல ஒருத்தன்தான் அந்த ஆறு கண்ணி. உங்க அண்ணன்! சோக்தோ!

— என்ற அண்ணன் நடந்து வந்துட்டான். நடந்தே வந்துட்டானுங்க! செத்தவங்க ஏட்டையும் பாக்க வேண்டாம், பிடிபட்டவங்க ஏட்டையும் பாக்க வேண்டாம்! நான் சொன்னேனே, நான் சொன்னேனே அவன் சாக மாட்டான்னு!

— அழாதே புள்ள. சிரிக்கிறியா அழறியா?

— ரெண்டும்தான். விடுங்க என்னை, ஆடணும் போல இருக்குது. ஆமா, நீங்க ஒரு ராத்திரி பூரா அந்தக் காயிதத்து முன்னால உக்காந்து, என்ற அண்ணன் உசுரோட இருக்கான்னு உங்க கையாலயே எழுதிப் போட்டு, வீட்டுக்கு வந்து, போபோ தின்னுட்டு, ஆறு 'இ' போட்டேன் பாருன்னு விரலை ஆட்டறீங்க!

— அடி. நல்லா அடி. எனக்கு வேணும்.

— அப்புறம் அடிக்கறேன். இப்ப அவன் எங்க இருக்கான்? எல்லைக் காவல்லயா? ஊருக்கு அனுப்பறாங்களா?

— அதுவும் இருந்துச்சு. கடைசி வரி. அதுல மூணு கண்ணி, அது சுலபம்னு சட்டுனு எழுதிட்டேன். 'தாய் தந்தை இல்லாதவன் ஆகையால், குளிர்காலம் முடியும்வரை இளைப்பாறுவதற்கு, முத்திரைச் சீட்டு அளித்து, தலைநகரத்தில் உள்ள தங்கையின் கணவனின் வீட்டின் வாசலுக்கு அனுப்பி வைக்கப்பட்டான்.'

— தங்கையின் கணவனின்.

— வீட்டின் வாசலுக்கு. ஆமா. மூணு.

— அந்தத் தங்கச்சி ஆருங்க?

— நீ.

— அவ புருசன் ஆரு?

— அவ புருஷன் ஏதோ ஒரு... ஐயய்யோ. நான்!

— அப்ப அது எந்த வீட்டு வாசலுங்க?

— நம்ம வாசல்! நிச்சுஹெ, இந்த வாசல்! நம்ம வாசலை நானே எழுதியிருக்கேன்! 'வாசலின்' போடணுமா 'வாசல்' போதுமான்னு வேற உட்கார்ந்து யோசிச்சேன்!

— கடுதாசி எப்ப வந்துச்சுன்னு சொன்னீங்க?

— போன வாரம்.

— அப்படின்னா அவனும் வந்திருக்கணும். இன்னிக்கோ நாளைக்கோ வந்துருவான். பெரிய பானையை எறக்குங்க. இல்ல, மொதல்ல செங்கல் படுக்கைக்கு அடியில நெருப்பு மூட்டுங்க, பாலைவனத்துல நடந்த காலு. உங்க பழைய அங்கி அவனுக்குப் பத்தாது, அவன் உங்களை விட ஒரு முழம் ஒசரம். அய்யோ, அவனுக்குச் சீனம் ஒரு எழுத்தும் தெரியாதே! இந்தப் பட்டணத்துல ஆருகிட்டப் போயி வழி கேப்பான்? மஞ்சுவில கேட்டா எவனுக்குப் புரியும்?

— பயப்படாதே. அதுக்குத்தான் முத்திரைச் சீட்டு. அதைக் காட்டினா எழுத்துத் தெரிஞ்சவன் எவனாவது படிச்சு... படிச்சு...

— என்னுங்க?

— முத்திரை செவப்பாத்தானே இருக்கும்?

— ஆமா. அதுக்கென்னுங்க?

— அந்த மங்கோலியன்.

— எந்த மங்கோலியன்?

— கடிவாளத்தைப் பிடிச்சான்னு சொன்னேன்ல. கையில ஒரு காகிதம் வச்சிருந்தான். என் மூஞ்சிக்கு நேரா நீட்டினான். ஓரத்துல செவப்பா ஏதோ இருந்துச்சு. நான் படிக்கல நிச்சுஹெ. மனுக் குடுக்கிறான்னு நெனச்சேன். பரீட்சை எழுதிட்டு வந்த அன்னிக்கே நமக்கு மனுவான்னு உள்ளுக்குள்ள பெருமையாக் கூட இருந்துச்சு.

— என்ன பாசை பேசினான்?

— புரியல. அதனாலதான் மங்கோலியன்னு நெனச்சேன். வேகமா, ஆத்துத் தண்ணி மாதிரி...

— ஆத்துத் தண்ணியாட்டவா.

— நீ கோவத்துல பேசுவியே, அது மாதிரி.

— ஒசரமா?

— என்னை விட ஒரு முழம். காதுல ஒரு பக்கம் பனி தின்னிருந்துச்சு.

— குதிரை என்ன பண்ணுச்சு? நகரலீன்னு சொன்னீங்களே. ஏன் நகரல?

— அவன் தோள்ல மூஞ்சியை வச்சுக்கிட்டு எடுக்கவே மாட்டேன்னுடுச்சு. நான் இழுக்கறேன், அது கண்ணை மூடிட்டு நிக்குது. அவன் அது கழுத்தைக் கட்டிக்கிட்டு அழறான். எனக்கு வந்த எரிச்சல்ல... நான் பையில மிஞ்சின போபோ ஒண்ணை அவன் கையில திணிச்சுட்டு, மங்கோலியர் சத்திரம் அந்தப் பக்கம் இருக்குன்னு சைகை காட்டி அனுப்பிட்டேன்.

— எந்தப் பக்கம்?

— மேற்கால. இல்ல, வடக்கால. எனக்கே இப்ப... அங்கேர்ந்து எத்தனை சந்து பிரியுது! எங்க திரும்பியிருப்பானோ! நிச்சுஹெ, எங்க ஓடறே? செருப்பு! அடுப்பு! கதவைத் திறக்காதே, குதிரை பாய்ஞ்சுடும்! சரி, ஏறிட்டியா, நானும் வர்றேன், பின்னால பிடிச்சுக்கறேன். ஆனா எந்தச் சந்துல திருப்புறது? எந்தப் பக்கம்னு உனக்கென்ன தெரியும்?

— கடிவாளத்தை விடுங்க. உங்களுக்குத்தான் அவனைத் தெரியல, செவலைக்குத் தெரியும்.